ஸ்டெல்லா கொட்டிய கஷாயம்

வகுப்பில் இருந்தபோது அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். ஸ்டெல்லா மேடத்துக்கு மாரடைப்பு. மொரப்பூர் வீட்டிலேயே உயிர் போய்விட்டது. எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். முந்தின நாள் மாலை, ஒரு கணக்கை மறுபடி போடச் சொல்லி என்னோடு சண்டை போட்டிருந்தார். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை அவர். அவரை அறிந்த நண்பர்களுக்கு இது தெரியும்.

நம் கல்லூரியில் அவர் உயிர்வேதியியல், நான் இயற்பியல். சீந்தில்கொடியிலிருந்து பிரித்த ஒரு பொருளைப் புற்றுநோய்ச் செல்கள்மீது விட்டு, பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் அவை இன்னும் சீக்கிரம் மடிகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. எவ்வளவு கதிர்வீச்சு என்று கணக்கிடுவது என் வேலை. சேலத்தில் ஒரு மருத்துவமனையில், நோயாளிகள் எல்லோரும் போன பிறகு எங்களுக்குக் கதிர்வீச்சு இயந்திரம் கிடைக்கும். செல்கள் இருந்த தட்டுகளைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, தொப்பூர் இறக்கத்தில் நான் கார் ஓட்டும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வருவார்.

புற்றுநோய்ச் செல்கள் நன்றாகவே மடிந்தன. எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். அவர் மட்டும் நல்ல செல்களையும் வளர்த்து அதே சோதனையைச் செய்தார். "கொளுத்தற வூட்டை மட்டும் பாத்தா பத்தாதுங்க, பக்கத்து வூட்டையும் பாக்கணும்" என்பார். அந்தப் பக்கத்து வீடுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. ஒருமுறை நல்ல செல்கள் தப்பின. மறுமுறை அவையும் சேர்ந்து மடிந்தன.

அந்த நேரம் பார்த்து அவருடைய அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். அதே மருத்துவமனையில் கதிர்வீச்சு ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் யாரோ ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்க, ஸ்டெல்லா கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டார். கேட்டவர்கள் மனதில் சீந்தில், கேன்சர் என்ற இரண்டு சொற்கள்தான் தங்கின. அண்ணி வேலியில் படர்ந்திருந்த கொடியை அறுத்துக் கஷாயம் காய்ச்சத் தொடங்கிவிட்டார். இது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது.

ஒரு நாள் அவர்கள் மூவரையும் என் காரில் அழைத்துப் போயிருந்தேன். கதிர்வீச்சு அறைக்கு வெளியே காத்திருந்தோம். அண்ணி கூடையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து டம்ளரில் ஊற்றினார். வாசனையிலேயே ஸ்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது, டம்ளரைப் பிடுங்கினார். சிகிச்சை நடக்கும்போது வேறு எதுவும் கொடுக்கக் கூடாதென்று மருத்துவர் ஸ்டெல்லாவிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"ஊரு சனத்துக்கெல்லாம் கண்டுபுடிக்கற. கூடப் பொறந்தவருக்கு ஆவாதா?" என்றார் அண்ணி.

"தட்டுல இருக்கற செல்லுக்குத் தொண்டையும் கெடையாது, வவுறும் கெடையாது அண்ணி. எங்கண்ணனுக்கு ரெண்டும் இருக்குது."

அண்ணனால் பேச முடியவில்லை. டம்ளரை நோக்கிக் கையை நீட்டினார். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். ஸ்டெல்லா எழுந்து போய், கை கழுவும் தொட்டியில் டம்ளரையும் ஃபிளாஸ்க்கையும் கவிழ்த்தார். ஒரு வாய் குடித்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று எனக்கே அவர்மேல் கோபம் வந்தது.

அண்ணன் சிகிச்சையை முழுதாக முடித்தார். ஆனாலும் நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு அண்ணி ஸ்டெல்லாவோடு பேசவே இல்லை. ஸ்டெல்லா விளக்கம் சொல்லப் போகவில்லை. ஆய்வகத்துக்கு வந்து நல்ல செல்களை மறுபடி வளர்க்க ஆரம்பித்தார். தனியாக இருக்கும்போது அழுவார் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லாவின் அடக்கத்துக்கு அண்ணி வந்திருந்தார். எல்லோரும் மண் போட்டுவிட்டுக் கலைந்த பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"சார், அன்னிக்கு அதைக் குடிச்சிருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா? நீங்களாச்சும் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லாவின் மீதிருந்த பழி அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும், அந்த அம்மாவுக்கும் மனசு ஆறியிருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எங்கள் தட்டுகள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"தெரியலீங்க" என்றேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பதில்தான். இது யாரையும் ஆற்றாது. சொல்லிவிட்டு நகர்ந்து போகவும் முடியாது. அந்த அம்மா அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.