ஒரே ஃபைலில் இரண்டு கார்டு

நிலா, கதிர், அப்பா ஏன் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோசை சுடுவதில்லை என்று கேட்டீர்கள். கை வலி என்று சொல்லிவிட்டேன். பொய். உங்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. இதை அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த ஊரில் அடுப்புக்குத் தீப்பெட்டி வேண்டாம். குமிழைத் திருப்பினால் டக் டக் டக்கென்று சத்தம், பிறகு தீ. அம்மா அதைத் திருப்பும்போது நான் வெளியே போய் நிற்கிறேன், பனி பெய்தாலும். பக்கத்து வீட்டுக்காரர் நான் சிகரெட் பிடிக்க வருவதாக நினைத்து, பிள்ளைகளுக்காகவாவது விட்டுவிடு என்றார். தேங்க்யூ என்றேன். வேறென்ன சொல்ல?

நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது நான் பார்சிப்பனி என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் சமையல். கூட வேலை செய்தவன் செல்வம், உங்களுக்குச் சித்தப்பா முறை வைத்துக்கொண்டவன். ஒரு மதியம் கேஸ் கசிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. நான் கறிவேப்பிலை எடுக்கக் குளிர் அறைக்குப் போனேன். “நீங்க போங்கண்ணே, நான் பத்த வைக்கிறேன்” என்றான். டக் டக் கேட்டது. பிறகு வெடித்தது. செல்வம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் கரண்டி தொடவில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக் மளிகைக் கடையில் சாமான் அடுக்கப் போனேன். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனதை விடாமல் பிடித்துக்கொள்ளும் பயம் இது, பி.டி.எஸ்.டி. என்று டாக்டர் பெயர் சொன்னார். மாத்திரைகளுக்கு அது அடங்கவில்லை. கடைசியில், எல்லாருக்கும் கேட்காது, பார்ப்போம் என்று கஞ்சா எண்ணெய்க்குச் சான்று கொடுத்தார். அம்மா அழுதாள். “இங்க டாக்டர் குடுத்தா மருந்து. ஊர்ல இதுக்குப் பேரு போலீஸ் கேஸுங்க” என்றாள். அந்த எண்ணெயை வாங்க ஸ்டேட் அரசாங்கத்திலிருந்து என் போட்டோவோடு ஒரு கார்டு வந்தது. கஞ்சா மருந்து விற்கும் கடையில் இருந்த பெண் நீட்டிய குப்பியைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினேன். அவள் சிரித்துவிட்டாள்.

நாக்குக்கு அடியில் சில சொட்டு. மாயம் ஒன்றுமில்லை. அந்தச் சத்தம் அடுத்த வீட்டில் கேட்பது போலத் தள்ளிப் போனது, அவ்வளவுதான். ஆறு மாதம் தோசை சுட்டேன். கதிர், ஒரு தடவை நீ எட்டு தின்றாய்.

அந்தத் தைரியத்தில் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ண ஒரு வக்கீலிடம் போனேன். முக்கியமான காகிதமெல்லாம் குங்குமம் வைத்த ஒரே ஃபைலில் இருப்பதுதான் நம் வீட்டு வழக்கம். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, உங்கள் பர்த் சர்டிபிகேட். ஸ்டேட் கார்டையும் பெருமையாக அதில் செருகியிருந்தேன். வக்கீல் அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டி வந்தவர் அங்கே நின்றார். பேனாவை மூடினார். ஸ்டேட் சட்டத்துக்கு இது மருந்து, இமிக்ரேஷன் பார்ப்பது நாடு முழுமைக்குமான ஃபெடரல் சட்டம், அதில் இது குற்றம் என்றார்.

“டாக்டர்தானே மேடம் கொடுத்தார்?”

“தெரியும். ஐயாம் சாரி.”

ஃபாரத்தில் பொய் எழுதக்கூடாதாம். எண்ணெயை நிறுத்தினாலும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது கேள்வி வந்தால் கிரீன் கார்டுக்கே சிக்கலாம்.

நீங்கள் இங்கே பிறந்தவர்கள். உங்களை யாரும் அனுப்ப முடியாது. என்னை முடியும். அதனால் எண்ணெயை நிறுத்திவிட்டேன்.

இன்று நீங்கள் ஸ்கூலுக்குப் போன பிறகு ஃபைலைத் திறந்தேன். இரண்டு கார்டிலும் என் முகம்தான். ஸ்டேட் கார்டை மட்டும் உருவி, கராஜில் தொங்கும் என் பழைய சமையல் ஏப்ரனின் பையில் வைத்தேன். பிறகு உள்ளே வந்து தோசைக்கல்லை ஏற்றி, குமிழைத் திருப்பினேன். டக், டக். தீ வருவதற்குள் அணைத்துவிட்டேன். கல்லைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.