வருஷம் திரும்பும் வரை

அப்பாவின் காரியம் முடிந்து பந்தல்காரர் கம்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதே என் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது. தொடங்கியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். பெண்ணாடத்தில் கரும்பு விவசாயம். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எங்கள் பக்கத்து வழக்கம் இது: வீட்டில் பெரிய சாவு விழுந்தால், கல்யாண வயதில் இருக்கும் பெண்ணை வருஷம் திரும்புவதற்குள் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். தவறினால் அப்புறம் மூன்று வருஷத்துக்கு அந்த வீட்டில் மேளம் கொட்டக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கெடு மட்டும் எல்லோருக்கும் கச்சிதமாகத் தெரியும்.

"வர்ற ஆனிக்குள்ள முடிச்சிடணும் பாப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார் என்னிடம். நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் துணிகள்கூட இன்னும் கொடியில் கிடந்தன. எனக்கு வந்த கோபத்தில் ஒரு டம்ளரை அவர் காலடியில் போட்டிருப்பேன். போடவில்லை. உள்ளே போய்க் கழுவி வைத்தேன்.

கடலூரில் இருந்துகொண்டு தினமும் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். கீழவீதிக்குப் பக்கத்தில் ஓர் ஆன்லைன் சென்டர். காலேஜ் அட்மிஷன், அரசாங்கப் பரீட்சை, பட்டா மாறுதல் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுத் தருவது என் வேலை. கடைசித் தேதிக்கு முன்னால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வருகிறவர்களும் விவரமெல்லாம் நிரப்பி, போட்டோ ஏற்றி, பணமும் கட்டிய பிறகு, "சப்மிட் மட்டும் ராகு காலம் போனதும் அமுக்கும்மா" என்பார்கள். பெண்ணின் கையைப் பிடித்து மவுஸ் மேல் வைக்கிற தாய்மார்கள் உண்டு. ராகு காலம் முடிந்த அடுத்த நொடி தமிழ்நாடு முழுக்க எல்லோரும் ஒன்றாக அமுக்குவார்களோ என்னவோ, சர்வர் அப்போதுதான் படுத்துக்கொள்ளும். எத்தனை பேருக்கு நாள் பார்த்து, நேரம் பார்த்து விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. எனக்கு என்று ஒன்று போடவில்லை.

சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்பா இறந்த பிறகுதான் வந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு அலைந்தேன். இன்றைக்குப் போனால் நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனால் புதிதாக ஒரு காகிதம் கேட்டார்கள். அலைந்த அலைச்சலில் அந்த விதிகளைத் தேடிப் படித்தேன். அடுத்த முறை போனபோது, எந்த விதிப்படி இதைக் கேட்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றேன். என் எதிரில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த வாரமே சான்றிதழ் வந்தது. சின்ன வயதிலிருந்து வாயாடி, வாயாடி என்று திட்டு வாங்கியவள் நான். சண்டை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு படிப்பும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனால் இங்கே மூன்று வருஷச் சட்டப் படிப்புக்கு டிகிரி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள். சிதம்பரத்தில் நான் கடைசி வருஷம் படித்தபோது அப்பா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றால் என் முறை வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் மட்டும் பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் நுழைவுத் தேர்வு வைத்து எடுத்தார்கள். தேர்வு மார்ச்சில். அப்பா போனது ஆனியில். நான் இதைக் கண்டுபிடித்தபோது ஆவணி.

இந்த மார்ச்சில் எழுதுவதா, அடுத்த மார்ச்சிலா என்பதுதான் கேள்வி. புத்தி உள்ள யாரும் அடுத்த வருஷம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் இங்கிலீஷ் விண்ணப்பம் நிரப்புகிற இங்கிலீஷ். தேர்வில் பக்கம் பக்கமாக ஒரு வழக்கைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். அதற்குப் பழக ஒரு வருஷமாவது வேண்டும். ஆனால் நான் வேறு விதமாகக் கணக்குப் போட்டேன். இந்த மார்ச்சில் எழுதித் தேறினால் ஆனி முடிந்த கையோடு கல்லூரி திறக்கும். அதற்குள் எனக்குக் கல்யாணம் அமையாவிட்டால் மூன்று வருஷம் ஒருவரும் என்னை ஏறெடுத்துப் பார்க்க முடியாது. படிப்பும் மூன்று வருஷம். ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் கடைசி வருஷப் பரீட்சைக்கு நடுவில் மாமா மாப்பிள்ளையோடு வந்து நிற்பார். எந்த வழக்கத்தை நினைத்து எரிந்தேனோ அதுவே எனக்கு அட்மிஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தது. அந்த மார்ச்சிலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். ஆனி வரைக்கும் ஒரு மாப்பிள்ளையும் அமையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை. கல்லூரியில் என்னோடு ஒட்டிக்கொண்டே திரிந்த தோழி ஒருத்தி இருந்தாள். அவள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். நான் நீளமாக எழுதுவேன், அவள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள். பிறகு நானும் எழுதுவதை விட்டுவிட்டேன். சாவு வீட்டுக்கு அந்த ஒரு வருஷம் எந்த நல்ல காரியத்துக்கும் அழைப்பு வராது. வந்தாலும் போகக் கூடாது. தெருவில் யாராவது கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து மறுபடி கிளம்புவார்கள். அது தெரிந்து அம்மா வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. இரண்டு பேர் தின்று தீராத பலகாரம். அம்மா எல்லாவற்றையும் ஒரே சம்படத்தில் போட்டு மூடி வைத்தாள். அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு அந்தப் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வருகிறது.

படிப்பெல்லாம் பஸ்ஸில்தான். கடலூர் தாண்டினதும் கெமிக்கல் கம்பெனிகளின் நாற்றம் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தால் பரங்கிப்பேட்டை கூட்டு ரோடு வரைக்கும் ஓடும். ஒரு கேள்விக்கு இரண்டு விடையும் சரி போலத் தோன்றும். பக்கத்து சீட்டில் மீன் கூடைக்காரம்மா தூங்கிக்கொண்டிருப்பார். யாரைக் கேட்பது? விடைக்குறிப்பில் என் விடை தப்பு என்று போட்டிருந்தால் ஏன் தப்பு என்று நானே என்னோடு வாதாடுவேன். பல நாள் தோற்றேன். சில நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறேன். படிப்பு கஷ்டம் என்பதற்காக இல்லை. நான் இப்படி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்பதே உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதே என்பதற்காக.

அம்மாவிடம் மார்ச்சில் ஒரு பரீட்சை எழுதப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எங்கள் தெருவில் எல்லோரும் எழுதுகிற அரசாங்க வேலைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டாள். எழுது என்றாள். நானும் விளக்கம் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் மாமா சும்மா இருக்கவில்லை. ஐப்பசியில் ஓர் இடம் கொண்டுவந்தார், சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அம்மா ஜாதகத்தை எங்கோ கொடுத்துப் பார்த்துவிட்டு, பொருத்தமில்லை என்று சொல்லிவிட்டாள். தை மாதம் விருத்தாசலத்துப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பிய அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். தேதி தள்ளிப்போய், அவர்கள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். பங்குனியில் வந்தவரைப் பற்றி, பையன் குடிப்பான் என்று யாரோ சொன்னார்களாம். யார் சொன்னார்கள் என்று மாமா போனில் கத்தியது எனக்கே கேட்டது. ஒவ்வொன்று தட்டிப் போகும்போதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். என் நேரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு புதுச்சேரியில். வாசலில் பெற்றோர்கள் தண்ணீர் பாட்டிலும் கையுமாக நின்றார்கள். எழுதி முடித்து வெளியே வந்ததும் எல்லோரும் கூட்டத்தில் யாரையோ தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், பேசிக்கொண்டே போனார்கள். நான் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வீட்டில் அம்மா நன்றாக எழுதினாயா என்று கேட்டாள். ம் என்றேன். வெயிலில் வந்திருக்கிறாய், மோர் குடி என்றாள்.

முடிவு வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். பிறப்புச் சான்றிதழுக்கு வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பக்கத்தை மூடிவிட்டு என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இடம் கிடைத்திருந்தது. மறுபடி பார்த்தேன். கிடைத்திருந்தது. "என்னம்மா, ஆயிடுச்சா?" என்றார் அவர். ஆயிடுச்சுங்க என்றேன். அவருடைய வேலையைத்தான் கேட்டார் என்று தெரியும். ஆனாலும் நான் பதில் சொன்னது அதற்கில்லை. சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் போவது துக்கத்தைவிட மோசமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனியில் வருஷத் திதி வந்தது. சேருகிறேன் என்று கல்லூரிக்கு ஒப்புதல் கொடுக்க அதற்கப்புறம் சில நாட்களே இருந்தன. திதி முடியட்டும், மாமா கிளம்பட்டும், பிறகு அம்மாவிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். படையல் போட்டு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள். மாமா கை கழுவிக்கொண்டே, இனி மூன்று வருஷத்துக்கு என்னை ஒன்றும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, வெற்றிலைகூடப் போடாமல் பஸ் ஏறிவிட்டார். மத்தியானத்துக்குள் வீடு காலியானது.

அம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி இருந்தாள். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஒங்க மாமா கோவமாப் போறாரு, போவட்டும். அந்த மூணு எடத்தையும் நான்தான் தட்டிவுட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஜாதகமெல்லாம் பொருந்திதான் இருந்திச்சி. எனக்குக் காய்ச்சலும் இல்ல. ஒங்கப்பா போயி ஒரு வருஷங்கூட ஆவல. நீயும் போயிட்டா இந்த வூட்ல நான் யார்கிட்ட பேசறது? அதான் வருஷம் திரும்பட்டும்னு இருந்தேன். இனிமே மூணு வருஷத்துக்கு ஒருத்தரும் கேக்க முடியாது. நீ எங்கூடத்தான் இருப்ப."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில், ஒரே கெடுவை, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் போவதற்காக எண்ணினேன். அவள் நான் போகாமல் இருப்பதற்காக எண்ணியிருக்கிறாள். என் நேரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்ததெல்லாம் அம்மாவின் பயம்.

அப்படியே மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் என் கை அவள் மடியில் இருந்தது. சொல்லிவிட்டேன். என்ன பரீட்சை, எந்த ஊர், என்றைக்குப் போக வேண்டும், எல்லாவற்றையும். அப்பா நடத்திய கடையை வாடகைக்கு விட்டதில் வரும் பணம் அவளுக்கு, எனக்குப் படிப்புக் கடன் என்பது வரைக்கும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், எத்தனை வருஷம் என்று. மூன்று என்றேன். கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

"அடுத்த வருஷம் மறுபடியும் எழுதிக்கிறேம்மா. ஒரு வருஷம் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆவாது" என்றேன். அதை நிஜமாகவேதான் சொன்னேன். சரி என்று அவள் சொன்னால் சந்தோஷப்படுவேனா, நொறுங்கிப் போவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

"மூணு வருஷம் கழிச்சி ஒன்னக் கட்டிக்குடுத்தா, அன்னிக்கும் நான் தனியாத்தான இருக்கணும். அத இப்பவே பழகிக்கிறேன். நீ போ."

அழுதிருந்தால் நான் இருந்திருப்பேன். திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் சென்டரில் என் முதல் வேலையாக ஒப்புதலை அனுப்பினேன். அமுக்கிய பிறகும் நான் மவுஸை விடாமல் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து சீட்டுக்காரி பார்த்துவிட்டு, காபி குடிக்கவில்லையா என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டேன் என்றாள். அப்பா போனதிலிருந்து ஒரு நாளும் நான் வராமல் அவள் சாப்பிட்டதில்லை. நான் கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. அடுப்படியில் என் தட்டு மட்டும் மூடி வைத்திருந்தது.