காக்கைக் காலடிப் பின்னல்

ஆல்டிஸ் பனிப்பாறைகளை ஒருநாளும் அழகு என்று சொன்னதில்லை. முப்பது வருஷமாக பனியாறு வந்து முடியும் ஏரியில், கரையிலும் ஓடும்படி சக்கரம் வைத்த சுற்றுலாப் படகை ஓட்டுகிறாள். வெளிநாட்டுக்காரர்கள் நீலக் கட்டிகளைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அவள் ஒரு துண்டைக் கொத்திக் கையில் கொடுப்பாள். "ஆயிரம் வருஷத்து ஐஸ். சப்பிப் பாருங்க, ஒண்ணும் ருசிக்காது," என்பாள். அவர்கள் சிரிப்பார்கள், அவள் சிரிக்கமாட்டாள்.

அவள் புருஷன் பார்தூர் ஓடிப்போனவன் என்பது ஊரறிந்த கதை. எண்பத்தைந்து செப்டம்பரில், மலையிலிருந்து ஆடு திரட்டி முடித்த பிறகும் மூன்று ஆடுகள் குறைந்தன. முந்தின நாள்தான் வீட்டில் பெரிய சண்டை. "பண்ணையும் வேணாம், நீயும் வேணாம்" என்று கத்தியவன், மறுநாள் காலை ஆடு தேடுகிறேன் என்று பனியாற்றின் மேல் ஏறினான். திரும்பவில்லை.

பக்கத்துப் பண்ணைகளிலிருந்து பதினாலு பேர் கயிறும் கழியுமாகத் தேடினார்கள். இரண்டாம் நாள் மதியம், அடுத்த பண்ணை இல்லுகி துறைமுகத்திலிருந்து வந்தான். நார்வேக் கப்பலில் ஒருவன் ஏறியதைப் பார்த்தானாம், முதுகுப்பக்கம் மட்டும். தோளைச் சுற்றிக் காக்கைக் காலடி போட்ட ஸ்வெட்டர். எங்கள் பக்கத்தில் பின்னலைப் பார்த்தே எந்த வீட்டுக்காரன் என்று சொல்லிவிடுவார்கள். காக்கைக் காலடி போடுகிறவள் ஆல்டிஸ் ஒருத்திதான்.

அவள் நேரே தேடுகிறவர்களிடம் போனாள். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. ஓடிப்போனவனுக்காக உங்க கால் எதுக்குத் தேயணும்?" அவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். பிற்பாடு மாமியார் கெஞ்சியும், குடும்பக் கல்லறையில் அவன் பெயரைப் பொறிக்க விடவில்லை. அத்தனை வீம்பு.

இந்த ஜூனில், பனியாற்றிலிருந்து உடைந்து வந்த ஒரு பனிப்பாறை படகுக்கு முன்னால் புரண்டது. மேலே வந்த அடிப்பக்கத்தில் கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. கிட்டே போனாள். கம்பளி. தோளில் காக்கைக் காலடி. அதில் ஒரு வரிசை கோணல். அவிழ்த்துப் போடச் சோம்பல்பட்டு, பார்தூர்தானே போடப்போகிறான் என்று அவள் விட்டுவைத்தது. கம்பளிக்குள் எலும்பு தெரிந்தது. அவளுக்குப் பின்னால் படகிலிருந்த எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

அவன் காணாமல்போன அந்த வருஷக் கோடையில் அதே பின்னலில் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுத் துறைமுகக் கடைக்குக் கொடுத்திருந்தாள். யாரோ மாலுமி ஒரே வாரத்தில் வாங்கிப் போய்விட்டான். மறந்தே போச்சு, மறந்தே போச்சு என்று கரை சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

போலீஸ் வந்து போன பிறகு இல்லுகி வீட்டுக்குப் போனாள். கிழவன் காபி ஊற்றி வைத்தான். அவள் தொடவில்லை.

"அவன்தான்னு ஏன் சொன்னே, இல்லுகி? நாப்பது வருஷம் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தேனே."

"அவன்னு நான் எங்கே சொன்னேன்? உன் பின்னல்னுதான் சொன்னேன். வேற யாருக்காச்சும் இப்படிப் போட்டுக் குடுத்தியான்னு கேட்டேன். இல்லேன்னே."

"நீ கேக்கவே இல்ல."

"ரெண்டு தடவை கேட்டேன், ஆல்டிஸ். ரெண்டு தடவையும் இல்லேன்னே."

அவன் கேட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கடைக்குக் கொடுத்த ஸ்வெட்டரும் அன்றைக்கே ஞாபகம் இருந்தது.