டொக்கு டொக்குன்னு ஒரு சைக்கிள்

அந்தச் சத்தம் காதுல கேக்குறதுக்கு முந்தி எனக்கு இடுப்புலதான் கேட்டுச்சு. பலாபத்வலைச் சந்தையில மரக்கறி வாங்கிக்கிட்டு, வீட்டுக்காரரோட சைக்கிள் கெரியர்ல உக்காந்து வர்றேன். வயித்துல ஏழு மாசம். அவரோட வலது கால் கீழ எறங்குறப்ப எல்லாம் டொக்குன்னு ஒரு தட்டு. "என்னங்க, ஏதோ ஒடையப் போகுது"ன்னேன். "ஒனக்குப் பிரமை"ன்னாரு. கொஞ்ச தூரத்துல அவருக்கே கேட்டுருச்சு. அன்னைக்கிப் புடிச்ச சனியன், புள்ள பொறக்குற வரைக்கும் எங்களை விடல.

எங்க வீடு ரப்பர் தோட்டத்துல. பெரிய ரோட்டுலேருந்து மேல ஏறிப் போகணும். அவருக்கு ரப்பர் ஸ்டோர்ல வேலை. காலையில ஸ்டோர் லொறி ரப்பர் சீட் ஏத்திக்கிட்டு எறங்கிப் போச்சுன்னா, அதுக்கப்புறம் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு வாகனம்னு ஒண்ணும் கெடையாது. சைக்கிள்தான்.

அவரோட அம்மா அவரைப் பெத்தது ரோட்டோரத்துல, லொறிக்குக் காத்துக்கிட்டு இருந்தப்ப. லொறி வந்து சேர்றப்ப புள்ள இருந்துச்சு, அம்மா இல்ல. இதை அவரு கல்யாணத்துக்கு முந்தியே எங்கிட்டச் சொல்லிட்டாரு, ஒடம்புல இருக்குற நோயை மறைக்காம சொல்ற மாதிரி. நான் முழுகாம இருக்கேன்னு தெரிஞ்ச அன்னைக்கு சிரிக்கக்கூட இல்ல மனுசன். "ஒன்னைய நான் லொறிக்குக் காக்க வைக்க மாட்டேன் புள்ள"ன்னாரு. நேரே போயி சைக்கிள் டயரை அமுக்கிப் பாத்தாரு.

அதுலேருந்து கால்ல சுடுதண்ணி ஊத்திக்கிட்ட மாதிரிதான். வேலை விட்டு வந்தா சட்டையக் கழட்டுறது இல்ல, சைக்கிளைக் கவுத்துப் போடுறதுதான். கெரியருக்குச் சாக்குல பஞ்சு அடைச்சு மெத்தை தச்சு வாங்கிக்கிட்டாரு. தேஞ்சுபோன பிரேக் கட்டைக்குப் பதிலா பழைய டயரை வெட்டி வச்சாரு. அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. டொக்கு மட்டும் போகல.

மொதல்ல பெடல்னாரு. ரெண்டு பெடலையும் கழட்டி மண்ணெண்ணெயில கழுவி, கிரீஸ் அப்பிப் பூட்டினாரு. டொக்கு. செயின் நீண்டு போச்சுன்னு ஒரு கண்ணியை எடுத்தாரு. டொக்கு. சீட்டுலேருந்து வருதோன்னு எந்திரிச்சு நின்னுக்கிட்டே மிதிச்சுப் பாத்தாரு. நின்னாலும் டொக்கு. வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாத்தம். ஏற்கனவே எனக்குச் சோத்து வாசமே ஆகாது. "சைக்கிளுக்கா பிரசவம், எனக்கா பிரசவம்?"னு கத்தினேன். அவரு காதுல வாங்கவே இல்ல, பின் சில்லைச் சுத்திவிட்டுக் காது குடுத்துக்கிட்டு இருக்காரு.

கடைசியில கண்டுபுடிச்சது நான்தான். என்கிட்ட ஒரு கைத்தையல் மெஷின் இருந்துச்சு. அதுல கைப்புடி பூட்டுற ஆணி தேஞ்சப்ப இதே மாதிரிதான் ஒவ்வொரு சுத்துக்கும் தட்டும். அந்த நெனப்புல சைக்கிள் பக்கத்துல குந்தி, பெடல் தண்டைப் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டினேன். தண்டு ஆடுது, நடு அச்சு ஆடல. தண்டை அச்சோட சேத்துப் புடிக்கிற ஆப்பு மாதிரி ஒரு இரும்பு இருக்கும், கொட்டர் பின்னும்பாங்க. அது ஒரு பக்கம் வழிச்சுத் தேஞ்சு போயிருந்துச்சு. அவரு என்னையே பாத்தாரு. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, மண்ணெண்ணெய்ச் சட்டியைத் தூக்கி அவரு தலையில ஊத்தாம விட்டது அவரு செஞ்ச புண்ணியம்.

வெளிநாட்டுச் சாமான் வர்றது நின்னுபோன காலம் அது. மாத்தளையில கடை கடையா ஏறி எறங்கினாரு. எல்லா முதலாளிகிட்டயும் ஒரே பதில்தான், வந்தா சொல்றோம்னு. அதனால ஸ்டோர்ல கழிச்சுப் போட்ட ஒரு போல்ட்டைக் கொண்டாந்து வீட்டுலயே அராவ ஆரம்பிச்சாரு. டொக்கு போயி இப்ப கீரு கீருன்னு அரம். கொஞ்சம் அராவுவாரு, வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு, திரும்ப அராவுவாரு. பல்லுக்கூச்சத்துல என்னால ஒரு வாய் தண்ணி குடிக்க முடியல.

"இங்க பாருங்க, டொக்குன்னாலும் ஓடுதுல்ல? புள்ள பொறக்குற வரைக்கும் அதைத் தொடாதீங்க. அப்புறம் தங்கத்துலகூட பின் செஞ்சு போடுங்க"ன்னேன். சரின்னாரு. என் தலையில கைய வச்சே சரின்னாரு.

கணக்குக்கு இன்னும் நாள் இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, சாப்புட்டுட்டு நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா சைக்கிள் கவுந்து கெடக்குது. பின்னை மாத்தினா பின்னோட விடணுமா இல்லையா? கையோட கையா அச்சையும் கழுவிருவோம்னு இந்த மனுசன் ரெண்டு தண்டையும் கழட்டி, நடு அச்சையும் உருவி, உள்ள இருக்குற இரும்புக் குண்டை எல்லாம் ஒரு தேங்காச் சிரட்டையில போட்டு வச்சிருக்காரு. பக்கத்து வீட்டுக் கோழி ஒண்ணு உள்ள வந்து அந்தச் சிரட்டையை எட்டிப் பாக்குது. "கோழி, கோழி!"ன்னு நான் எந்திரிக்க, அது மெரண்டு சிரட்டை மேலயே ஏறி ஓடுச்சு. குண்டெல்லாம் கட்டிலுக்கடியில, அடுப்புக்கடியில, வாசப்படி தாண்டி. எத்தனைன்னு அவரு எண்ணியும் வைக்கல.

அந்த நேரம் பாத்து எனக்கு முதுகுல சுரீர்னு புடிச்சுச்சு. சும்மா வலின்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை வந்தப்ப தெரிஞ்சு போச்சு. சுவரைப் புடிச்சுக்கிட்டு, "பூட்டுங்க"ன்னேன். "என்னா?"ன்னாரு. "சைக்கிளைப் பூட்டுங்கய்யா, நேரம் வந்துருச்சு!"

அவரு மொகம் அப்ப போன போக்கை நான் இன்னும் மறக்கல. ஒரு குண்டை எடுத்தா ரெண்டு குண்டு விழுது. பயம் எனக்கும்தான், எனக்கு அது கோவமாத்தான் வரும். தரையில முட்டி போட்டேன். வலி வந்தா நிறுத்துவேன், போனா பொறுக்குவேன். அவரு அப்பன கிரீஸ்ல நானே ஒவ்வொண்ணா குண்டைப் பதிச்சேன், வாயில வந்ததெல்லாம் ஏசிக்கிட்டே. "பொறந்த நேரத்துலேருந்து ஒங்களுக்குப் பொறுமைங்கிறதே கெடையாதா? தலையிலயா கைய வச்சீங்க, என் கழுத்துலயா?" அவரு அச்சை உள்ள விட்டு, தண்டை மாட்டி, அராவின பின்னைச் சுத்தியலால அடிச்சு எறக்கினாரு.

ரெண்டு பின்னும் எதிரும் புதிருமா நுழையணும். அவசரத்துல ஒண்ணைத் திருப்பி அடிச்சிட்டாரு. மிதிச்சுப் பாத்தா ஒரு தண்டு நேரா நிக்கிறப்ப மத்தது கோணி நிக்குது. திரும்பக் கழட்டப் பாத்தாரு, பின் அசையவே இல்ல. "நொண்டினா நொண்டட்டும், எடுங்க!"ன்னு நான் கெரியர்ல ஏறிட்டேன்.

கீழ பெரிய ரோடு வரைக்கும் எறக்கம், மிதிக்கிற வேலை இல்ல. டயர்க் கட்டை பிரேக்கு கத்திக்கிட்டே வருது. பல்லைக் கடிச்சுக்கிட்டு அவரு இடுப்பைப் புடிச்சிருந்தேன். நான் சத்தம் காட்டாம வந்தா போதும், அவரு சைக்கிளை நிப்பாட்டித் திரும்பிப் பாக்குறாரு. "என்னா புள்ள? ஏன் பேசல?" "வலிக்குதுய்யா, பேச முடியுமா?" "ஏசிக்கிட்டே வா புள்ள. நீ ஏசினா எனக்கு ஒண்ணும் பயம் இல்ல." அதனால வலிக்கும் வலிக்கும் நடுவுல அவரை ஏசினேன், அவரு சைக்கிளை ஏசினேன், அந்தக் கோழியை ஏசினேன். அவரு "ம், ம்"னு கேட்டுக்கிட்டே ஓட்டினாரு.

பெரிய ரோட்டுக்கு வந்தப்ப தம்புள்ளைப் பக்கத்துலேருந்து மாத்தளைக்குப் போற ஒரு வாடகைக் கார் வந்துச்சு. அவரு சைக்கிளோட நடு ரோட்டுல போயி நின்னுட்டாரு. உள்ள ஒரு சிங்களக் குடும்பம், மடிக்கு மடி புள்ளைங்க. என் நெலமையப் பாத்ததும் அந்த அம்மா அவங்க பாஷையில தங்கச்சின்னு கூப்பிடுற மாதிரி "நங்கி"ன்னு கையை நீட்டி, புள்ளைங்களை அடுக்கி, ஒரு ஆளுக்கு எடம் பண்ணிச்சு. அவருக்கு எடம் இல்ல. கார் கெளம்பினப்ப கண்ணாடி வழியா பாத்தேன். அந்த நொண்டி சைக்கிள்ல ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் விழுந்து, வாயைத் திறந்துக்கிட்டு பின்னால மிதிச்சு வர்றாரு. வளைவுல மறைஞ்சு போனாரு. அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.

பொழுது சாயுறப்ப பொம்பளப் புள்ள பொறந்துச்சு. என்னைய வார்ட்டுல கொண்டாந்து படுக்க வச்சதுக்கப்புறம் அங்க வேலை செய்ற ஒரு அக்கா வந்து, "வெளியில ஒரு ஆள் ரொம்ப நேரமா நிக்கிறாரு. கையெல்லாம் கறுப்பு. ஒரு பக்கம் பெடல் கழண்டு போன சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஓடியாந்தாரு. யாரைப் பாக்கணும்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறாரு"ன்னுச்சு. "கூப்பிடுங்கக்கா"ன்னேன். போயிட்டு வந்து, "கூப்பிட்டேன், கதவு வரைக்கும் வந்துட்டுப் பின்னால போறாரு"ன்னுச்சு.

எனக்குப் புரிஞ்சு போச்சு. கேட்டா அவங்கம்மாவுக்கு ஆன மாதிரி ஒரு பதில் வந்துரும்னு கேக்காம நிக்கிறாரு. பாவமா இருந்துச்சு, கூடவே கோவமும் பொத்துக்கிட்டு வந்துச்சு. இருந்த தெம்பையெல்லாம் கூட்டி, வார்ட்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினேன்: "அங்க என்னாத்துக்கு மரமாட்டம் நிக்கிறீங்க? ஓடிக்கிட்டு இருந்த சைக்கிளைக் கழட்டிப் போட்டுட்டு, இப்ப உள்ள வர்றதுக்கு வெக்கமா? ஒங்க மகளைப் பாக்க நான் வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?"

அந்த அக்கா கதவைத் தள்ளித் தொறந்துச்சு. அவரு சுவரோட சாஞ்சு தரையில உக்காந்து, கிரீஸ் கையால மூஞ்சியப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழறாரு. எனக்குக் கோவம் எறங்கிப் போச்சு. "சரி, சரி, எனக்கு ஒண்ணும் ஆகல, உள்ள வாங்க"ன்னேன், மெதுவா.

அவரு தலையத் தூக்கினாரு. மூஞ்சியெல்லாம் கறுப்பு.

"நிறுத்தாத புள்ள. இன்னுங் கொஞ்சம் ஏசு"ன்னாரு.