வெங்கடசாமியின் ஈறும் ஞாபகமும்

மல்லேஸ்வரத்தில் வெங்கடசாமியின் காபித்தூள் கடைக்கு வருகிறவர்கள் வாயே திறக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு சிக்கரி என்று முகத்தைப் பார்த்ததுமே அவர் கை அளக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்களேன் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போய்விடுவார். அறுபத்தேழு வயதிலும் அந்தக் கர்வம் துளி குறையவில்லை.

அப்படிப்பட்டவர், சிக்கரி வாடையே ஆகாத லாயிட் மாஸ்டருக்குப் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்துவிட்டார். மறுநாள் பொட்டலம் திரும்பி வந்ததும் அவருக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. அவருடைய அப்பா எழுபதுக்குள்ளேயே, பெற்ற பிள்ளையைப் பார்த்து "நீ யாருப்பா?" என்று கேட்டவர்.

மறதிக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்று மனைவி தனக்கோடி மன்றாடினாள். மனுஷன் அசைந்தால்தானே! துப்பும்போதெல்லாம் ரத்தம் வந்ததால் பல் டாக்டரிடம் மட்டும் போனார்.

"ரொம்ப வருஷமா ஈறுல சீழ் இருக்கு சார்," என்றார் டாக்டர் கிருத்திகா. "ஈறு நோய்க்கும் வயசானவங்க ஞாபகமறதிக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா ஈறு ஆறினா மறதியும் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்குத் தனியா டெஸ்ட் எடுத்துடுங்க."

முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் ஏறியது. நாலு தடவை மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு, ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டார். ரத்தம் நின்றது. அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு பொட்டலம்கூடத் தப்பாகப் போகவில்லை.

"பாத்தியா? எல்லாம் பல்லு பண்ண வேலை!" என்று மார்தட்டினார். தனக்கோடி பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, லாயிட் மாஸ்டரின் மகள் ஜோவிதா கடைக்கு வந்தாள்.

"அரைக் கிலோ அங்கிள், சிக்கரி வேணாம்."

"எனக்கே சொல்றியாம்மா?"

"ஆன்ட்டிதான் எல்லாரையும் அளவைச் சொல்லி வாங்கச் சொன்னாங்களே," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தராசில் இருந்த கை அப்படியே நின்றது. யோசித்துப் பார்த்தார். ஆமாம், அவர்தான் கவனிக்கவில்லை; மூன்று வாரமாக எல்லாருமே வாயைத் திறந்து அளவைச் சொல்லித்தான் வாங்கியிருந்தார்கள். முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் தனக்கோடி பையோடு படியேறுவதற்குள் கோபமெல்லாம் வடிந்து, வெறும் பயம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"ஒருத்தராவது அளவு சொல்லாம இருந்து, நானா சரியா குடுத்திருக்கேனா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியலைங்க. அப்படி விட்டுப் பாக்க எனக்குத் தைரியம் வரல."

வெங்கடசாமி எழுந்து ஷட்டரை இறக்கினார்.

"நீ சொன்ன அந்த மறதி டாக்டர் எங்க இருக்காரு? இன்னைக்கே கூட்டிட்டுப் போ. நீயும் உள்ள வந்து பக்கத்துலயே உக்காரு."