டைரக்டர் கெர்லாக் தானாக முன்வந்த கதை

ஃப்ரீடா என்கிற எல்ஃப்ரீடா நோவாக் தன் வாழ்நாளில் மூன்றே மூன்று ஆண்களைத்தான் மனதார வெறுத்தாள். முதலாமவன் அவள் அம்மா மறுமணம் செய்துகொண்ட ஆள். விடிவதற்குள் அவளை எழுப்பி, விரல் விறைக்கும் குளிரில் மாடு கறக்க வைத்தவன், யுத்தத்தில் செத்தான். இரண்டாமவன் அவளுக்கு நிச்சய மோதிரம் போட்டவன். எல்லையில் வேலி எழுவதற்குச் சற்று முன்னால் மேற்கு ஜெர்மனிக்கு ஓடிப்போனான், மோதிரத்தையும் கழற்றி வாங்கிக்கொண்டு. ஆக, கைக்கெட்டும் தூரத்தில் மிச்சமிருந்தவர் மூன்றாமவர் ஒருவர்தான்: தொழிற்சாலையின் டைரக்டர் ஹார்ட்முட் கெர்லாக். மற்ற இருவருக்கும் சேரவேண்டியது அவர் தலையிலேயே விடிந்தது என்றால், அது அவருடைய ஜாதக விசேஷம்.

கிழக்கு ஜெர்மனியில், நீடர்லிண்டா ஊரின் கறவை இயந்திரத் தொழிற்சாலை மக்களின் உடைமை. அதற்கு முன்னால் விங்க்லர் என்ற முதலாளியின் உடைமையாக இருந்து, தண்ணீர்ப் பம்பு செய்தது. தண்ணீரை உறிஞ்சத் தெரிந்தவனுக்குப் பாலை உறிஞ்சத் தெரியாதா என்று அரசாங்கம் நினைத்தது. அரசாங்கம் நினைத்துவிட்டால் அப்பீல் கிடையாது. உற்பத்தியை மேலிடம் எடைபோட்டு அளந்தது. இத்தனை டன் இயந்திரம் என்று உத்தரவு வரும். ஆகவே பால் வாளி ஆண்டுக்கு ஆண்டு கனத்தது. இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்கலாம் என்ற கட்டம் வந்தபோது தொழிற்சாலைக்குச் செங்கொடி விருது கிடைத்தது. பிறகு, மக்களுக்கு வீட்டுச் சாமான் போதவில்லை, எல்லாத் தொழிற்சாலைகளும் ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று இன்னோர் உத்தரவு. மாட்டின் காம்பில் மாட்டுகிற உலோகக் குவளையின் அடியை அடைத்துப் பூ ஜாடி என்று விற்றார்கள். ஊரில் அது இல்லாத வீடே இல்லை. பூதான் கிடைக்கவில்லை.

அந்தக் குவளைக்குள் ரப்பர் உறை பொருத்துவது ஃப்ரீடாவின் வேலை. மாட்டைத் தொடாமலே மாட்டுத் தொழிலில் இருக்கலாம் என்றுதான் சேர்ந்தாள். மெத்தென்ற ரப்பர் வராமல் போனபோது, பூட்ஸ் தொழிற்சாலையில் மிஞ்சிய விறைப்பு ரப்பரை வாங்கி உறை செய்யச் சொன்னார் கெர்லாக். "மாட்டுக்கு வலிக்குமே, தோழர்" என்று யாரோ சொன்னதற்கு, "பழகிக்கும். நாம பழகலையா?" என்றார். இதைவிட உண்மையான வாக்கியத்தை அவர் பதவிக்காலத்தில் சொன்னதில்லை.

ஃப்ரீடா கடலைப் பார்த்ததில்லை. பால்டிக் கடற்கரை விடுதியில் இடம் கொடுப்பது தொழிற்சங்கத்தின் கையில் இருந்தது. வரிசை மெதுவாக நகர்ந்தது. அவளுக்கு நரை கண்டபோது முறை வந்தது. ஜூலை மாதம், ரூகன் தீவு. பச்சை நிறத்தில் நீச்சலுடை வாங்கி, பக்கத்து மேஜைத் தோழி மார்கிட்டிடம் காட்டினாள்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போனேன்னா கடலே பயந்து உள்ளே போயிடும்டி" என்றாள் மார்கிட்.

"போகட்டும். துரத்திக்கிட்டே போய்ப் பார்ப்பேன்."

மே மாதப் பொதுக்கூட்டத்தில் கெர்லாக் மேடையேறினார். "தோழர்களே! நம்ம ஃப்ரீடா நோவாக் ஒரு நல்ல சேதி வச்சிருக்காங்க. கூச்சப்படுறாங்க, அதனால நானே சொல்றேன். கூட்டுப் பண்ணைகளுக்குக் கூடுதலா ரப்பர் உறை வேணுமாம். அதுக்காக அவங்க தன்னோட கடற்கரை விடுமுறையைத் தானா முன்வந்து விட்டுக்கொடுத்திருக்காங்க!"

ஃப்ரீடாவுக்கும் அது செய்திதான். ஆனால் நீடர்லிண்டாவின் மரபு அப்படி. ஒருவர் தானாக முன்வருவதை மேடையில் இன்னொருவர் அறிவிக்கலாம்; முன்வந்தவருக்குக் கடைசியில் தெரிந்தாலும் பாதகமில்லை. கைதட்டல் விழுந்துவிட்டால் அது கல்வெட்டு. எழுந்து நின்று "நான் சொல்லவில்லை" என்றால், அறுவடைக்கும் உலக சமாதானத்துக்கும் ஒரே மூச்சில் எதிரியாகிவிடலாம். ஃப்ரீடா எழுந்து தலைவணங்கினாள்.

விடுதியில் அவளுக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் கெர்லாக்கின் மச்சினன் போய்க் குளித்தான். ஜூலையில் ரப்பரே வரவில்லை. ஃப்ரீடா வேலையின்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மச்சினன் நன்றி மறவாதவன். "அலை அருமை!" என்று அவளுக்குப் பட அஞ்சலட்டை போட்டிருந்தான்.

"நேரா போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுடி" என்றாள் மார்கிட்.

"கேட்டா மனசு ஆறிடும்" என்றாள் ஃப்ரீடா. "எனக்கு ஆற வேண்டாம்."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியை அரசாங்கம் எடுத்துக்கொண்ட நாட்டில் பொறுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஃப்ரீடா பொறுத்துப் பார்த்தாள். கெர்லாக்கைக் கண்டால் சிரித்தாள். அவர் பிறந்தநாளுக்குப் பிளம்ஸ் கேக் சுட்டுக் கொண்டுபோனாள். மாவு பிசைந்த பிசைப்பில் அவர் கழுத்துதான் இருந்தது என்பது தின்றவருக்குத் தெரியாது. ஆள் படிந்துவிட்டாள் என்று முடிவு கட்டிய கெர்லாக், அடுத்த மே கூட்டத்தில் பெண் தொழிலாளர் சார்பாக வாழ்த்துரை வாசிக்க அவளையே போட்டார். அன்றைக்கு மாவட்டக் கட்சிச் செயலாளர் வேறு வந்திருந்தார்.

எழுதிக் கொடுத்ததை ஃப்ரீடா ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தாள். பிறகு தாளை மடித்தாள்.

"கடைசியா ஒண்ணு, தோழர்களே. நம்ம டைரக்டர் இதை வெளியில சொல்லக்கூடாதுன்னாரு."

புகழப்போகிறாள் என்று கெர்லாக் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தார்.

"எளிமையான மனுஷன். ஆனா எனக்கு மறைக்க மனசு வரல. வர்ற ஜூலையில கடற்கரைக்குப் போகாம, ஆல்ட்வீசன் கூட்டுப் பண்ணைக்குப் போய், நம்ம இயந்திரத்தை வச்சே தினமும் காலையும் சாயங்காலமும் மாடு கறக்கப் போறாரு. தானா முன்வந்து!"

முதல் கைதட்டல் மார்கிட்டுடையது. அவள் உள்ளங்கைகள் அதற்காகவே விரிந்து காத்திருந்தன. அப்புறம் அரங்கமே அதிர்ந்தது. அத்தனை மனப்பூர்வமான கைதட்டலை அந்தக் கட்டடம் கேட்டதில்லை. செயலாளர் பாய்ந்து வந்து கெர்லாக்கின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "இப்படி ஒரு டைரக்டரைத்தான்யா தேடிக்கிட்டு இருந்தேன்!" கெர்லாக்கின் முகம் வெண்ணெய் எடுத்த மோர்போல வெளுத்திருந்தது.

படியிறங்கும்போது அவர் பல்லைக் கடித்தார். "என்ன காரியம் பண்ணீங்க, நோவாக்?"

"உங்களுக்கு ஒரே கூச்சம், தோழர். அதான் நானே சொல்லிட்டேன்."

ஜூலையில் ஃப்ரீடா விடுப்பு எடுத்தாள். ரொட்டியும் தொத்திறைச்சியும் கட்டிக்கொண்டு, சைக்கிள் மிதித்து ஆல்ட்வீசனுக்குப் போய், மாட்டுக் கொட்டகை வாசலில் ஒரு பால் கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மாட்டு நாற்றம் ஆகாதவள். அன்றைக்கு மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

கெர்லாக் புது பூட்ஸில் குனிந்து, குவளைகளை ஒவ்வொன்றாக மாட்டினார். மோட்டார் ஓடியது. விறைத்த ரப்பர் காம்பைக் கவ்வியது. பசு ஒரு கணம் யோசித்தது, அப்புறம் உதைத்தது. டைரக்டர் சாணிக் கால்வாயில் உட்கார்ந்தார்.

"எந்தக் கழுதைடா இந்த ரப்பரைச் செஞ்சது?"

"வாளியில பேர் போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்க" என்றாள் தலைமைக் கறவைக்காரி ஓட்டிலி. கதவளவு அகலமான பெண்மணி. "கையால கறங்க. நாங்க அப்படித்தான். உங்க இயந்திரம் மேலதிகாரி வந்தா மட்டும்தான்."

கையால் கறந்தார். கறந்ததும் வாளியைத் தூக்கப் பார்த்தார். வாளி அசையவில்லை.

"இதை ரெண்டு பேர் பிடிக்கணும்!"

"ஆமா. இன்னொருத்தர் முன்வரலியே" என்றாள் ஓட்டிலி. வாசல் பக்கம் திரும்பி, "நீ யாரும்மா?" என்று கேட்டாள்.

"பெண் தொழிலாளர் சார்பா டைரக்டருக்கு ஆதரவு தர வந்திருக்கேன்."

"அப்போ ஒரு கை பிடியேன்."

"ஐயோ, அவர் தனியா வாங்கின புண்ணியம். நான் பங்கு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று ஃப்ரீடா தொத்திறைச்சியைக் கடித்தாள். அப்படி ஒரு ருசி அவள் வாயில் அதுவரை பட்டதில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மழை பெய்த அன்று குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

இத்தோடு பழி தீர்ந்தது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அக்டோபர் விழாவில் மாவட்டம் கெர்லாக்குக்குத் தியாகப் பதக்கம் அளித்தது. தண்டனை அனுபவித்தவனுக்குப் பதக்கம், வாங்கிக் கொடுத்தவளுக்கு ஒன்றுமில்லை என்பது அந்த அமைப்பின் நுட்பம். ரப்பரும் மாறவில்லை. மாட்டுக்குப் பின்னால் நிற்கக்கூடாது என்பது ஒன்றைத்தான் கெர்லாக் கற்று வந்திருந்தார்.

நெஞ்சில் பதக்கம் மின்ன, கெர்லாக் குரல் தழுதழுக்கப் பேசினார். "அந்த நாட்களை மறக்கவே முடியாது, தோழர்களே. உடம்புதான் ஆபீஸ்ல இருக்கு. மனசு இன்னும் அந்த மாடுகளோடதான்..."

முன் வரிசையில் ஃப்ரீடா கையைத் தூக்கினாள்.

கெர்லாக்கின் பேச்சு அப்படியே நின்றது. "சொல்லுங்க, தோழர் நோவாக்" என்றார் மாவட்டச் செயலாளர், ஆசையாக.

"டைரக்டர் எப்படி ஏங்கிப்போயிருக்காருன்னு நீங்களே கேட்டீங்க" என்றாள் ஃப்ரீடா. "ஆல்ட்வீசன்ல குளிர்காலத்துக்கு ஆள் பத்தலையாம்..."

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் மார்கிட் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.