பழைய கூட்டுக்குள் புது மெஷின்

போன மழைக்காலம் வரைக்கும் என் மனைவிக்கு நான் யார் என்று காலை நேரத்தில் மட்டும் தெரிந்தது. அதுவும் கணவனாக அல்ல, மேலதிகாரியாக. காபி குடித்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவாள். முதுகை நிமிர்த்தி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, "சொல்லுங்க சார்" என்பாள். நான் சொல்வேன், அவள் அடிப்பாள். அடித்து முடித்ததும் எத்தனை கார்பன் காப்பி என்று கேட்பாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க நான் இந்த வீட்டில் யாரோ ஒரு வயதான ஆள். அழைக்காமல் வந்த விருந்தாளியைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். நான் கண்காணிப்பாளர், அவள் தட்டச்சர். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். நான் வரைவு சொல்லச் சொல்ல அவள் மெஷினில் அடித்த வருடங்களோடு ஒப்பிட்டால், எங்கள் கல்யாணம் நடுவில் வந்த ஒரு சிறிய இடைவேளைதான். ஓய்வு பெற்ற பிறகு, படித்தவர்கள் வீட்டில் இருக்க வேண்டிய பொருள் என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதை எங்கே தட்டினால் விளக்கு எரியும் என்று நான் கண்டுபிடிப்பதற்குள், அதில் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே தமிழ் அடிக்கலாம் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து அது அவளுடையது.

அவளுக்கு மறதி வந்தபோது பாளையங்கோட்டை டாக்டர், கை கற்றுக்கொண்டது கடைசியில்தான் போகும் என்றார். கடைசி என்றால் எப்போது என்று கேட்டேன். நாற்பது பக்க அறிக்கைக்கு அடிக்குறிப்பு கேட்பவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவர் சொன்னது சரிதான். மகள் பெயர் போயிற்று. அடுப்பை அணைப்பது போயிற்று. ஆனால் விரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தினமும் காலையில் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு சொல்வேன். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பஸ் நிறுத்தத்தில் படுத்திருக்கும் மாடுகள். ஊரில் குறைகள் நிறைய உண்டு என்றாலும் தினம் ஒன்று என்பது கொஞ்சம் அதிகம். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் விளக்கை எரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த மனுக்களை நான் அனுப்பியதில்லை. அவள் நடுவில் நிறுத்தி, "'மேலும்' ரெண்டு தடவை வருது சார், ஒண்ணை எடுத்துருவமா?" என்று கேட்பாள் பாருங்கள், அதற்காகத்தான் சொன்னேன். வீட்டில் என்னோடு பேச வேறு யாரும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர்தான் மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில் நடு வரியில் உறைந்து நின்றது. அவள் பொறுமையாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பிறகு உள்ளேயிருந்து யாரோ பாக்கு வெட்டுவது போலச் சத்தம் வந்தது. ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் மாடிக்கு முதலில் ஏற்றியது அரிசி மூட்டையை அல்ல, இந்தப் பெட்டியைத்தான். அன்றைக்குத் தப்பித்தது இன்றைக்கு வெயில் காலத்தில் இருமிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் பழைய சாமான்களை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் கோப்புகள் என் மேஜைக்குத்தான் வரும். பழுது பார்க்கத் தக்கதா, பார்த்தால் எத்தனை காலம் ஓடும், மாற்றினால் என்ன மிச்சம் என்று குறிப்பு எழுதி எழுதி எத்தனையோ நாற்காலிகளையும் ஒரு ஜீப்பையும் நான் கழித்துக் கட்டியிருக்கிறேன். ஆகவே முறைப்படியே போனேன். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வண்ணார்பேட்டையில் எனக்குப் பழக்கமான ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கும் என் வயதில் முக்கால் இருக்கும்.

மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். ஊதினார். தூசி அவர் முகத்துக்கே வந்தது.

"இது கம்ப்யூட்டர் இல்ல அண்ணாச்சி, அஸ்தி. குறுக்குத்துறை ஆத்துக்குக் கொண்டு போங்க."

"கரைக்கதுக்கு உம்மகிட்ட எதுக்குவே கொண்டு வாரேன்? வழியச் சொல்லும்."

மூன்று வழி சொன்னார். பழைய போர்டையே துடைத்து, தட்டி, ஓடுகிற மட்டும் ஓட்டலாம். எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லமாட்டார். இல்லாவிட்டால் மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம். மூன்றாவது, கூட்டையும் திரையையும் கீபோர்டையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் புதிதாகப் போடலாம். ஆனால் பழைய தமிழ் மென்பொருள் புதிய போர்டில் ஏறாது, புதியதுதான் போட வேண்டும். அதிலும் டைப்ரைட்டர் முறை உண்டு என்றார்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டேன். மொத்தமாகப் புதிது வாங்குங்கள், நான் அனுப்பிவைக்கிறேன் என்றாள். அவளுக்கு அம்மா என்ன செய்கிறாள் என்று தெரியும். எதில் செய்கிறாள் என்பது தெரியாது. புதிய பெட்டியைப் பார்த்தால் இவள் அதன் முன்னால் உட்காரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். புதிய தலையணை உறையையே யார் வீட்டுது என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தவள். பழையதை அப்படியே விட்டால் ஒருநாள் காலையில் அது எழுந்திருக்காது. அதனால் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். முகம் மாறாது, உள்ளே உயிர் புதிது. ஒரு நல்ல அரசு ஊழியன் வேறு எதைத் தேர்ந்தெடுப்பான்?

ஏற்பதற்கு முன் சோதித்துப் பார்க்கவும் செய்தேன். கடையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினேன். ஒவ்வொரு எழுத்தும் பழைய இடத்தில்தான் இருந்தது. கடைக்காரர், "போதும் அண்ணாச்சி, கீபோர்டு என்னுது இல்ல, உங்களுதுதான்" என்று கேலி செய்தார். திருப்தி என்று வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு விரலால் அடிக்கிறவன் கீபோர்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். தட்டச்சர் அதைப் பார்ப்பதே இல்லை. எழுத்து விழும் இடத்தைத்தான் அவள் பார்ப்பாள்.

மறுநாள் காலையில் காபி குடித்தாள். போய் உட்கார்ந்தாள். கூட்டையும் திரையையும் ஒரு சந்தேகமும் இல்லாமல் பார்த்தாள். "சொல்லுங்க சார்" என்றாள். எனக்கு இருந்த நிம்மதியில், வழக்கமான மாட்டு மனுவைக் கொஞ்சம் உரக்கவே ஆரம்பித்தேன். மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு.

இரண்டாவது சொல்லில் கை நின்றது. எட்டிப் பார்த்தேன். அவள் 'ஆணை' என்று அடித்திருந்தாள். அதற்குப் பக்கத்தில், மங்கிய நிறத்தில், மிச்ச எழுத்துகள் தாமாகவே வந்து நின்றன. சொல்லின் தலையைப் பார்த்து வாலை ஊகிக்கும் வசதியாம். அவள் ஒரு விசையைத் தட்டினாள். இன்னொரு சொல் அவளுக்கு முன்னால் ஓடிப் போய் நின்றது. அவள் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள்.

"யாரோ அடிக்குதாவ சார்."

யாருமில்லை, மெஷின்தான் என்றேன். அவள் என்னை மறுத்துப் பேசவில்லை. அதிகாரியை மறுத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. மறுபடியும் முயன்று பார்த்தாள். மறுபடியும் அது முந்திக்கொண்டது. அவள் முகத்தில் கோபம் இல்லை. தன்னைவிட வேகமாக அடிக்கும் ஒருத்தியைப் பக்கத்து மேஜையில் பார்த்தால் வருமே, அந்த மரியாதை இருந்தது.

எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். அழிரப்பர், ஸ்கேல், குண்டூசி டப்பா மூன்றையும் எடுத்து மேஜையின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். கம்ப்யூட்டருக்குக் குண்டூசி எதற்கு என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"புது அம்மா நல்லா அடிக்குதாவ. நான் சார்ஜ் குடுத்துருதேன் சார்."

பைய நடந்து உள்ளே போய்விட்டாள்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் அங்கே தட்டு, இங்கே தட்டு என்று சொல்ல, அந்த வசதியை நிறுத்தினேன். ஒரு நிமிட வேலை. அடுத்த நாள் காலையில் எழுத்துகள் ஒழுங்காக, அடித்தால் மட்டும் விழும்படி இருந்தன. ஆனால் அவள் எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார் என்று சொன்னால் சிரித்தாள். கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தால், யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது போல் எழுந்துகொண்டாள். அடுத்தவர் சீட்டில் உட்காருவது அவள் வேலை பார்த்த காலம் முழுக்கச் செய்யாத காரியம்.

"அந்த அம்மா இன்னும் வரலையா சார்?" என்று வாசலைப் பார்த்தாள்.

பெட்டியை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றினேன். பழைய போர்டையே திரும்ப மாட்டும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து அதை எடுத்து மாட்டினார். விளக்கு எரியவில்லை. வயரை மாற்றினார், துடைத்தார், தலைகீழாகப் பிடித்துத் தட்டினார்.

"கழத்துததுக்கு முந்தி ஓடிட்டுத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. அசைக்காம விட்டுருந்தா இன்னும் கொஞ்ச நாள் இழுத்துட்டுக் கெடந்துருக்கும். இப்ப ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் கை வேறு வாடிக்கையாளரின் லேப்டாப்புக்குப் போயிற்று. பிறகு புதிய போர்டையே மாட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு காலைகளில் அவள் பேசுவது குறைந்தது. டிக்டேஷன் இல்லாமல் எனக்கு சார் பதவியும் போய்க்கொண்டிருந்தது. சில நாள் காபி டம்ளரை நான் வாங்க வரும்போது யார் என்று கேட்பது போலப் பார்த்தாள். கடைசியாக எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். பதவியை விட்டவரைத் திரும்ப அந்த இடத்தில் அமர்த்த ஓர் ஆணை போதும். எண், நாள், பார்வை, பொருள் எல்லாம் வைத்து, அவள் பெயரைப் போட்டு, மீண்டும் அதே பிரிவில் தட்டச்சராகப் பணியேற்க அனுமதிக்கப்படுகிறார் என்று நானே இரண்டு விரலால் அடித்து, கையெழுத்திட்டு, அவளிடம் நீட்டினேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டாள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். பிழை தேடுகிறாள் என்று நினைத்தேன். பெயர் இருந்த இடத்தில் விரல் நின்றது.

"இந்த அம்மாவ எனக்குத் தெரியும் சார். ரிட்டயர் ஆயிட்டாவளே. இவுகளுக்கு எப்படி ஆர்டர் போட முடியும்?"

விதிப்படி அவள் சொன்னது சரி. ஓய்வு பெற்றவருக்கு நான் போட்ட ஆணை செல்லாது. அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். வேறு எந்த விதியின் கீழ் எதைச் செய்யலாம் என்று யோசித்தேன்.

"நல்லா அடிப்பாவ" என்றாள், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "நீங்க அவுகளப் பாத்திருக்கியளா சார்?"

"பாத்திருக்கேன்."

"இப்ப எப்படி இருக்காவ?"

"நல்லா இருக்காவ" என்றேன்.

தலையை ஆட்டினாள். யாரோ தெரிந்தவர் சுகமாக இருக்கும் செய்தி கிடைத்த திருப்தியில், அவள் அன்று இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.